எழுபத்தாறில் நின்ற எடை

கோச்சடைப் பக்கம் வந்து கனகலட்சுமி வீடு எது என்று கேட்டால், எந்தக் கனகலட்சுமி என்று திருப்பிக் கேட்பார்கள். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற கனகலட்சுமி என்று சொல்லிப் பாருங்கள், வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். காளவாசலில் ஒரு பெரிய பாத்திரக் கடை. அதன் உள்மூலையில் ஒரு ஸ்டூல், ஒரு மின்சார ஊசி. அந்த ஸ்டூலில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள் கனகு. கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு என்று மதுரைக்கு மேற்கே நடக்கிற விசேஷங்களில் பாதிக்கு, குடத்திலும் சட்டியிலும் 'அன்பளிப்பு' என்று எழுதியது அவள் கைதான்.

பிடிவாதக்காரி. ஒரு தடவை குத்துவிளக்கு வாங்க வந்த மாப்பிள்ளை வீட்டார், மாப்பிள்ளை பேரைப் பெரிதாகவும் பெண் பேரைக் கீழே சின்னதாகவும் வெட்டச் சொன்னார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டையும் ஒரே அளவில் வெட்டிக் கையில் கொடுத்தாள். முதலாளி கத்தினார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். ஒன்றை மனதில் முடிவு செய்துவிட்டால் அவளை அசைக்க ஆள் கிடையாது. இந்தக் கதைக்கு இது ரொம்ப முக்கியம்.

அவள் பிறந்தது திருவாதவூரில். வாக்கப்பட்டது கோச்சடைக்கு. புருஷன் நல்லகாமன் காளவாசலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாஸ்டர். ஒரு பந்திக்கு முந்நூறு பேர் என்றாலும் உப்புப் பார்க்காமல் கொதி வாசனையை வைத்தே சாம்பாரை இறக்குகிற ஆள். பகலெல்லாம் கடைக்குச் சமைத்துவிட்டு, ராத்திரி வீட்டிலும் அவர்தான் அடுப்படியில் நிற்பார். கனகுவை விடவே மாட்டார். அவளுக்கு உட்கார்ந்த வேலை, வீட்டுக்கு வந்தால் மாஸ்டர் கைச் சாப்பாடு. எடை ஏறாமல் என்ன செய்யும், பாவம். நாற்பத்தைந்து வயதில் எண்பத்து நாலு கிலோ. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. கடையில் யாராவது கேலி செய்தால், மாஸ்டர் பொண்டாட்டி ஒல்லியாக இருந்தால் அவர் கடைக்கு எவன் வருவான் என்பாள்.

கவலை வேறு வழியில் வந்தது. நல்லகாமனுக்குப் பல வருடமாக ரத்த அழுத்தம். அடுப்புச் சூட்டில் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே திரிந்தாரே தவிர, மாத்திரையைத் தொடவில்லை. ஒருநாள் கால் வீங்கியது, முகம் வீங்கியது, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கடை வேலை நின்றது. ஐம்பத்தொரு வயது ஆள், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து குடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தார்.

மாற்றுக் கிட்னி வைக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள் கனகு. நல்லகாமன் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வேண்டாமென்றால் வேண்டாம், அவ்வளவுதான் என்றார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடைக்குப் போய் வந்தாள். மூன்றாம் நாள் அவர் வழிக்கு வந்தார். அதாவது, வழிக்கு வந்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ரத்தம் சேர்ந்தது, மற்ற பரிசோதனையெல்லாம் சேர்ந்தது. சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. எடை ஒன்றுதான் இடித்தது. இவ்வளவு எடையோடு கிட்னி எடுத்தால் பின்னால் அவளுக்கே ஆபத்து, எழுபத்திரண்டுக்குக் கொண்டுவந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு கிலோ. நல்லகாமன் உயிருக்கும் அவளுக்கும் நடுவில் பன்னிரண்டு கிலோ சதை நின்றது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிறவள் இஷ்ரத் என்று ஒரு சின்னப் பெண், பழைய மதுரைக்குள் வளர்ந்தவள். அவள் பட்டினி போடச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய், கால்வாசி சோறு அல்லது சப்பாத்தி, கால்வாசி பருப்போ முட்டையோ மீனோ என்று படம் போட்டுக் கொடுத்தாள். எண்ணெய் ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன், தினமும் ஒரு மணி நேரம் நடை. எதையும் விட வேண்டாம், அளவை மட்டும் விடாதீர்கள் என்றாள். அந்தத் தாளை நல்லகாமன் கையில் வாங்கிக்கொண்டார். சமையல் என் பொறுப்பு என்றார்.

அதிலிருந்து அந்த வீட்டில் இரண்டு சமையல். அவருக்குக் காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, உப்புக் குறைத்து ஒரு சட்டி. அவளுக்கும் காலேஜ் போகிற மகளுக்கும் இஷ்ரத் சொன்னபடி இன்னொரு சட்டி. காலையில் வைகைக் கரை ரோட்டில் நடந்துவிட்டு வருவாள், டிபன் தயாராக இருக்கும். மத்தியானத்துக்கு மூன்று அடுக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பார். ஐந்து மாதத்தில் எண்பத்து நாலு எழுபத்தாறானது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்தது. கடையில் எல்லாருக்கும் ஆச்சரியம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நாலே கிலோதானே, ஆடிக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அங்கே வந்து நின்றதுதான்.

ஒரு வாரம் எழுபத்தாறு. அடுத்த வாரம் எழுபத்தாறு இருநூறு. அதற்கடுத்த வாரம் மறுபடி எழுபத்தாறு. எடை என்பது இருக்கிறதே, அதைப்போல நன்றி கெட்ட சாமான் உலகத்தில் கிடையாது. ஐந்து மாதம் சொன்னபடி கேட்டுவிட்டு, வாசல்படிக்கு வந்ததும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. மிஷினில் கோளாறோ என்று மருந்துக் கடை மிஷினில் ஏறிப் பார்த்தாள், பழைய இரும்புக் கடைத் தராசில்கூட ஏறிப் பார்த்தாள். எல்லா மிஷினும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே எண்ணைக் காட்டின.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கொள்ளுத் தண்ணீர் குடி என்றார் முதலாளி. வாழைத்தண்டுச் சாறு என்றாள் பக்கத்து வீட்டு சீனியம்மாள். சோற்றை அடியோடு விடு, வெறும் கறியாகத் தின்னு என்றார் கடைக்குச் சட்டி வாங்க வந்த ஒருத்தர், முன்னப்பின்ன தெரியாத ஆள். கனகு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இஷ்ரத்திடம் போய் ஒப்பித்தாள். இஷ்ரத் சிரித்துவிட்டு, இது எல்லாருக்கும் நடக்கிறதுதான் அக்கா என்றாள். எண்பத்து நாலு கிலோவைத் தூக்கித் திரிந்த உடம்புக்கு வேண்டிய சாப்பாடு வேறு, எழுபத்தாறுக்கு வேண்டியது வேறு. முன்னால் குறைத்த அதே அளவு இப்போது சரிக்குச் சரியாகிவிடும். கொஞ்ச நாள் நிற்கும், பிறகு இறங்கும், பதற வேண்டாம். நடையோடு கொஞ்சம் பளு தூக்கிப் பாருங்கள், நன்றாகத் தூங்குங்கள், சாப்பிடுகிற எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்று அனுப்பினாள்.

கனகு எழுதினாள். இரண்டு தண்ணீர் பாட்டிலில் மணலை நிரப்பிக்கொண்டு காலையில் கையை மடக்கி நீட்டினாள். கடையில் வருகிற டீயை நிறுத்தினாள். விசேஷ வீட்டுக்குப் போனால் மொய்யை வைத்துவிட்டு, பந்திப் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தாள். அந்த வீட்டார் கோபித்துக்கொண்டார்கள், கோபித்துக்கொள்ளட்டும். ஆறு வாரம், ஏழு வாரம், எட்டு வாரம். எழுபத்தாறு.

இத்தனைக்கும் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் முன்னைவிட ருசி கூடியிருந்தது. சப்பாத்தி சாயங்காலம் நாலு மணிக்கும் மெத்தென்று கிடந்தது. சுரைக்காய்க் கூட்டு தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. மேலே எண்ணெயின் பளபளப்பே தெரியாது. ஒருநாள் டப்பாவில் மிச்சமிருந்ததை இஷ்ரத் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்று ஸ்பூன் எண்ணெயில் இப்படிச் செய்ய முடியுமா, மாஸ்டரிடம் செய்முறை எழுதி வாங்கி வாருங்கள் என்றாள். கனகு பெருமையோடு அதை வீட்டில் வந்து சொன்னாள். அவர் மிக்ஸியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது வாரம் நல்லகாமனின் அக்கா அழகம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தம்பியைப் பார்க்க வந்தாள். கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அழகம்மாள் தம்பியின் கையைத் தடவிப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எத்தனை மாதமாக இதே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். எடை நின்றுவிட்டது மதினி என்று கனகு சொன்னாள்.

அழகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தின்னாத ஒடம்புல எடை எப்படித்தா நிக்கும்? குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான. எதுக்கு எந்தம்பிய இம்புட்டு நாளா காக்க வைக்கிற?"

கனகு புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தாள். அவள் தட்டில் விழுகிற ஒவ்வொரு கரண்டியும் அவர் போட்டது, அவரைவிட நல்ல சாட்சி யார்? நல்லகாமன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழகம்மாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போகும்வரை அவர் தலை நிமிரவில்லை. கனகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அவள் அப்படி அழுதது அதுதான் முதல் தடவை.

மறுநாளிலிருந்து மத்தியான டப்பாவைத் திறப்பதை நிறுத்தினாள். வீட்டுக்கு வரும் வழியில் தெருநாய்க்குக் கொட்டினாள். ராத்திரி பசிக்கவில்லை என்று படுத்துக்கொண்டாள். நாலாம் நாள் ஒரு பித்தளைச் சொம்பில் பேர் வெட்டிக்கொண்டிருந்தவள், ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்தாள். மின்சார ஊசி முழங்கையில் கோடு கிழித்துவிட்டது. முதலாளி பதறிப்போய் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இஷ்ரத் ஓடி வந்தாள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு அப்படியொரு கோபம் வரும் என்று கனகு எதிர்பார்க்கவில்லை. சத்தில்லாமல் கிடக்கிற உடம்பிலிருந்து ஒரு உறுப்பை எந்த டாக்டரும் எடுக்க மாட்டார், நீங்கள் பட்டினி கிடந்தால் மாஸ்டருக்குக் கிட்னி இல்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். கனகு சரி என்று தலையாட்டினாள். வேறென்ன செய்ய. தின்றாலும் குற்றம், தின்னாவிட்டாலும் குற்றம்.

அந்த வாரமே இன்னொரு இடி. டயாலிசிஸுக்காக நல்லகாமனின் கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்த இடம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. சீழ் பிடித்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பதினோரு நாள். இந்தக் கை இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல முடியாது, மாற்று அறுவையைச் சீக்கிரம் பாருங்கள் என்று டாக்டர் கனகுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்தப் பதினோரு நாளும் கனகுதான் சமைத்தாள். விடிகாலையில் எழுந்து, இஷ்ரத்தின் தாளைப் பார்த்துப் பார்த்து ஸ்பூனால் எண்ணெயை அளந்து ஊற்றினாள். சப்பாத்தி ஆறியதும் விறைத்துக்கொண்டது. கூட்டு வாயில் சப்பென்று கிடந்தது. இருபத்துமூன்று வருடமாக அடுப்படிப் பக்கம் போகாதவள் கை, அப்படித்தானே இருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒரு வேளை விடாமல் சாப்பிட்டாள். பன்னிரண்டாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி மிஷினில் ஏறினாள். எழுபத்து நாலு அறுநூறு.

இஷ்ரத் இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். அதே எண். பத்து வாரம் நின்றது, பதினோரு நாளில் எப்படி இறங்கியது? என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் மாற்றவில்லையே, அதே தாள், அதே அளவு, அவர் இங்கே இருப்பதால் நான் சமைத்தேன், அவ்வளவுதான் என்றாள் கனகு. இஷ்ரத் பேனாவை வைத்துவிட்டாள். வீட்டில் ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை நாளைக்கு வரும் அக்கா என்று மெதுவாகக் கேட்டாள். கனகுவுக்குத் தெரியவில்லை. கடைக்குப் போவது மகள் தமிழ்ச்செல்வி, வாங்கி வரச் சொல்வது அவர்.

காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளை வீட்டில் பிடித்தாள். தமிழ்ச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை, கேட்டதற்குச் சொன்னாள். "எண்ணெய் எட்டு நாளைக்கு ஒரு லிட்டர் பாக்கெட் வாங்குவேன். அப்புறம் வாரத்துக்குக் கால் கிலோ முந்திரி. நீ வெய்ட் கொறைக்கிறதுல தெம்பில்லாமப் போயிருவ, உனக்குச் சத்துக்கு அரைச்சுப் போடணும்னு அப்பாதான் சொல்லுச்சு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

கனகு அடுப்படியில் நின்றாள். நாளைக்கு மூன்று ஸ்பூன் கணக்கில், இரண்டு பேருக்கு என்றாலும் ஒரு லிட்டர் ஒரு மாதம் வர வேண்டும். அவருடைய சட்டியில் அவர் எண்ணெயே தொடுவதில்லை. அப்படியானால் அந்த எண்ணெயெல்லாம் எங்கே போனது என்று கேட்க ஆள் தேவையில்லை. ஹோட்டல் வேலை அவளுக்குத் தெரியாதா? முந்திரியையும் எண்ணெயையும் சேர்த்தே மிக்ஸியில் ஓடவிட்டால் எண்ணெய் மிதக்காது, குழம்போடு குழம்பாகக் கலந்துவிடும். மாவில் நாலு ஸ்பூன் ஊற்றிப் பிசைந்தால் சப்பாத்தி சாயங்காலம் வரை மெத்தென்று இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்காக அவர் பண்ணிய வேலை, அவளிடமே பண்ணியிருக்கிறார். முதலில் வந்தது ஆத்திரம்தான். காரணம் அதற்கப்புறம்தான் விளங்கியது, விளங்கியதும் ஆத்திரம் இரண்டு பங்கானது.

அன்று மத்தியானம் நல்லகாமனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, மாத்திரையைக் கொடுத்து, அளந்த தண்ணீரைக் கொடுத்தாள். அவர் முகத்துக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுபத்து நாலு அறுநூறுங்க" என்றாள். "நீங்க இல்லாத பதினோரு நாள்ல."

அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று அந்த எண்ணிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"வேணாம்னு அன்னைக்கே சொன்னேன் கனகு. நீ கேட்டியா? சோறு தண்ணி இல்லாம ரெண்டு நாள் கெடந்த. ஒங்கிட்ட வாயால சொல்லி எனக்கு என்னைக்கு ஜெயிக்க முடிஞ்சிருக்கு?"

எழுபத்தாறுக்கு வந்த அன்று இரண்டு பேரையும் உட்காரவைத்து டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினாரே, அன்றுதான் தனக்குப் பயம் பிடித்தது என்றார். கிட்னி கொடுக்கிறவருக்கு உயிர் போவது ஆயிரத்தில் ஒருத்தருக்கு, பத்தாயிரத்தில் ஒருத்தருக்கு என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒருத்தி இவளாக இருந்தால்? ஒரே நாளில் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்தால், தமிழ்ச்செல்விக்கு யார் இருக்கிறார்கள்? தனக்கு இனிமேல் எத்தனை வருடமோ, அதற்காக இவள் உடம்பில் இருப்பதைப் பிடுங்குவதா என்று ராத்திரியெல்லாம் கிடந்து யோசித்திருக்கிறார். விடிந்ததும் அடுப்படிக்குப் போனவர், எண்ணெய்ப் பாக்கெட்டைக் கையில் எடுத்திருக்கிறார். வேறு எந்த வேலை அவருக்குத் தெரியும்? எடை இறங்காவிட்டால் டாக்டரே வேண்டாமென்று சொல்லிவிடுவார், யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை என்று நினைத்தாராம்.

கனகு கேட்டுக்கொண்டாள். அதிலே அவளுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. வேண்டாம் என்று அவர் சொன்னபோது, ஏன் என்று ஒரு தடவைக்கு மேல் அவளும் கேட்கவில்லைதானே. பட்டினி கிடந்து அவர் வாயை அடைத்தவள் அவள். ஆனால் இன்னொரு பாதி நெஞ்சுக்குள்ளேயே நின்றது.

"அதெல்லாம் சரி. ஒங்க அக்கா இந்த எடத்துல ஒக்காந்து என்னைக் கேட்டாகளே, குடுக்க மனசில்லையான்னு. அன்னைக்கு எதுக்குங்க தரையப் பாத்தீங்க? நான் திருடித் திங்கிறவள்னு அவுக நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டீகளே." நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள். "எனக்கு எண்ணெய ஊத்துனதக்கூட நான் மறந்துருவேன். இத எப்படி மறக்க?"

அவர் நல்ல கையால் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். கனகு எதிரே இருக்கும்போதே, ஒலியைப் பெரிதாக வைத்து, தான் செய்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அழகம்மாள் தம்பியை நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டு, கனகுவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். அவளோடு என்ன பேசினாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். போனை வைத்தபோது கனகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் முதன்முறையாக அந்த ஆபரேஷனைப் பற்றி முழுதாகப் பேசினார்கள். அவர் பயத்தையெல்லாம் ஒன்றொன்றாகச் சொன்னார். அவள் இடைமறிக்காமல் கேட்டாள். அவளுக்குப் பயமில்லையா என்றால் இருந்தது. மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காமல் போய்விடுவோமோ என்று அவளும் பல நாள் நினைத்தவள்தான். அதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் நீங்கள் இல்லாமல் நாற்பது வருடம் இரண்டு கிட்னியோடு உட்கார்ந்திருந்து நான் என்ன செய்வது என்று கேட்டாள். அவர் அழுதார்.

மறுபடி நல்லகாமனே அடுப்படிக்குப் போனார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கனகு சொல்லிப் பார்த்தாள். என்னை நம்ப மாட்டாயா என்று கேட்டார். நம்ப மாட்டேன், ஆனால் சமையுங்கள் என்றாள். முதல் பத்து நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள், அப்புறம் நிற்கவில்லை. எடை ஒன்றும் ஓட்டமாக இறங்கிவிடவில்லை. எழுபத்து மூன்றில் திரும்பவும் மூன்று வாரம் அசையாமல் நின்றது. இந்தத் தடவை யார் பேரிலும் குற்றமில்லை, உடம்பு தானாகத்தான் நின்றது. கனகு பதறவில்லை, நடந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். நல்லகாமன்தான் தினமும் காலையில் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, என்ன காட்டுகிறது என்று எட்டிப் பார்த்தார். கார்த்திகை பிறந்த வாரத்தில் எழுபத்தொன்று எண்ணூறு காட்டியது.

உறுப்புக் கொடுக்கிறவரை ஆஸ்பத்திரிக் கமிட்டி ஒன்று உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். பணத்துக்காகவோ பயமுறுத்தலுக்காகவோ கொடுக்கவில்லையே என்று பார்க்கிற ஏற்பாடு. பெண்டாட்டி புருஷனுக்குக் கொடுக்கிறாள் என்றால் இன்னும் துருவித் துருவிக் கேட்பார்கள். முதலில் கனகுவைத் தனியாக விசாரித்தார்கள், பிறகு இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார்.

"புருஷனோ, புருஷன் வீட்டுக்காரங்களோ, யாராவது இதுல வற்புறுத்தல் பண்ணினாங்களாம்மா? இவர் இருக்காரேன்னு பயப்படாம சொல்லுங்க."

"பண்ணுனது உண்டு மேடம்" என்றாள் கனகு.

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. நல்லகாமன் திடுக்கிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான் இவரை வற்புறுத்துனேன். வேணாம் வேணாம்னு இவரு எங்கூட மாசக்கணக்கா மல்லுக்கட்டிப் பாத்தாரு. நான் விடல."

அந்த அம்மாள் நல்லகாமன் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல எழுந்து நின்றார்.

"ஆமாங்கம்மா" என்றார். "நான் தோத்துட்டேன்."